எழுபத்தொன்றுக்கு மேல் நிற்கக் கூடாது

— படிவம் தரமாட்டேன்னு நான் சொல்லலையே பெரியவரே. இறப்பைப் பதியணும்னா செத்தவரே நேர்ல வரக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

— நாளைக்குத்தாம்மா சாகப்போறேன். இன்னைக்கே பதிஞ்சுட்டா உனக்கும் வேலை மிச்சம்.

— நாளைக்குன்னு யார் சொன்னாங்க, டாக்டரா?

— டாக்டர் எதுக்கு? உங்க ஆபீஸ் வாசல்லயே எழுதிப் போட்டிருக்கீங்க, சராசரி ஆயுள் எழுபத்தொண்ணுன்னு. நாளைக்கு எனக்கு எழுபத்தொண்ணு முடியுது. நாப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன். குறிச்ச நேரத்துக்கு மேல ஒரு வண்டியை நிக்க விட்டதில்ல.

— ஐயையோ, அது கெடு இல்லீங்க. வீட்ல சொல்லிட்டீங்களா?

— பொண்டாட்டி அழுதுட்டே இருக்கா. கட்டிலை மச்சானுக்குக் குடுத்தாச்சு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நேரம்னா நேரம்.

— உங்கப்பா எத்தனை வயசுல போனாரு?

— அறுபத்திரண்டு. அவர் காலத்துச் சராசரி முப்பத்தெட்டுதான். கூச்சநாச்சமே இல்லாம இருபத்துநாலு வருஷம் கூடுதலா இருந்தாரு. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

— கொஞ்சம் உக்காருங்க. இந்தப் பழைய ரிஜிஸ்டரைப் படிங்க. அப்ப செத்தவங்க வயசெல்லாம் என்ன?

— இரு, கண்ணாடி போட்டுக்கறேன். ஆறு மாசம். ஒரு வயசு. இருபது நாள்... இதுக்குப் பேரே எழுதலையே.

— பேரு வைக்கறதுக்குள்ள போயிருக்கும். பேதி, அம்மை. பெரியவங்க அப்பவும் அறுபது எழுபது இருந்தாங்க. இந்தக் குழந்தைங்களாலதான் சராசரி முப்பத்தெட்டுக்கு இறங்குச்சு. அப்புறம் நல்ல தண்ணி வந்துச்சு, தடுப்பூசி வந்துச்சு, பிரசவம் பாக்கறவங்க சோப்பு போட்டுக் கை கழுவுனாங்க. குழந்தைங்க பொழைச்சுது, நம்பர் ஏறிடுச்சு. அவ்வளவுதான்.

— எங்க வீட்லயும் போச்சும்மா. அண்ணன் மூணு மாசம். தம்பி ஒரு வயசு. தங்கச்சிக்கு ரெண்டு. அவ என் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டா. அவங்களும் இந்த நம்பர்ல இருக்காங்களா?

— இருக்காங்க.

— அப்ப எங்க வீட்டுக்குச் சராசரி எவ்வளவு?

— உங்களையும் சேத்து நாலு பேர்... பத்தொன்பதுகூட வரல.

— அட, எங்க வீட்டு வண்டி இவ்வளவு லேட்டா ஓடுதா! நாலு பேருக்கும் எழுபத்தொண்ணு வரணும்னா நான் எத்தனை வயசு வரைக்கும் இருக்கணும்?

— விளையாடாதீங்க ஐயா.

— போட்டுப் பாரும்மா.

— இருநூத்தி எண்பத்தொண்ணு. போதுமா? இப்பச் சொல்லுங்க, படிவம் வேணுமா?

— எடுத்து உள்ள வை. அதுங்க மூணும் வாழாத வருஷமெல்லாம் என் தலையில இருக்கு. இன்னும் இருநூத்திப் பத்து வருஷத்துக்கு எனக்குச் சாக நேரமில்ல.