வயிறு கொள்ளாது

எங்கள் கடற்கரையில் கழிவறைச் சங்கதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயிற்றுக்கு எது வந்தாலும் ‘வயிறு கொள்ளாது’ என்பார்கள். வயிறு சரியில்லை என்று பொருள். அதற்குமேல் எவரும் கேட்கமாட்டார்கள். அந்த மரியாதையை நானும் காத்து வந்தவன்தான், ஐயா.

என் மனைவி அஜிஷாவுக்கு மாலத்தீவில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. படகுத்துறையில் என் கூட்டாளி ஸ்மைலின் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “ஏலே ரெனிஷே, அவ அங்க டீச்சராம். நீ இங்க மீன் வெட்டி கறி வைக்கப் போறியா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயணம் நெருங்கியபோது அவளுக்கு வயிறு கெட்டது. இரத்தமும் சளியுமாகப் போவதை என்னிடம் மட்டும், தலைகுனிந்து சொன்னாள். ஓமானில் வேலை பார்த்தபோது எனக்கும் அப்படிப் போயிருந்தது. அமீபாக் கிருமி குடலைப் புண்ணாக்கும். உரிய மாத்திரையை ஒழுங்காக உண்டால் குணமாகும். கவனியாமல் விட்டால் ஈரலுக்கு ஏறும் என்று அங்கே மருத்துவர் விளக்கியிருந்தார். ஆகவே நான் கலங்கவில்லை.

பக்கத்து ஊரான கருங்கலில் மருத்துவரிடம் நானே முந்திக்கொண்டேன். “வயிறு கொள்ளாது டாக்டரே. கண்டதையும் தின்னிருப்பா.”

“இரத்தம் போகிறதா?” என்று அவர் அவளைக் கேட்டார்.

அஜிஷா என்னைப் பார்த்தாள்.

“இல்ல,” என்றேன்.

சாதாரண வயிற்றுப்போக்குக்கு மருந்து எழுதிக்கொடுத்தார். விமானம் அவளில்லாமல் போயிற்று. நான் விரும்பியது அவ்வளவுதான். ஆனால் அவள் குணமாகும்வரை காத்திருப்பதாக அந்தப் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. ஆகவே நானும் காத்திருந்தேன்.

காய்ச்சல் வந்தது. வலது விலாவுக்குக் கீழே கைவைக்கவிடாத வலி. கிருமி எங்கே ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். வேறொரு மருத்துவரைப் பார்ப்போம் என்றவளிடம், “இதெல்லாமா நாலுபேருக்கிட்டச் சொல்லுவாவ, மக்களே?” என்று செல்லமாகக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டாள்.

ஈரலில் கட்டிய சீழ் உடைந்து இறந்தாள். குளியலறையில் அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஓசை இன்னும் கேட்கிறது. நான் கதவைத் திறப்பதில்லை. உள்ளே இருப்பவளைக் கூச்சப்படுத்தக் கூடாது.

நான் அவளுக்கு எதையும் செய்யவில்லை, ஐயா. ஊர் வழக்கப்படி நடந்துகொண்டேன். மீறியவள் அவள்தான். கடைசியாக அவளைக் கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரியில், என் மாமியார் கிரேசியும் அயலாரும் சுற்றி நிற்க, தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்து எழுந்து அவள் சொன்னாள்:

“டாக்டரே, எனக்கு ரெத்தமும் சளியுமாட்டுப் போவுது. மொதல்லயிருந்தே போவுது. இவருக்குத் தெரியும்.”

அத்தனை ஆண்கள் நின்ற இடத்தில், சத்தமாக.