சொடக்கு சாரின் நான்கு தாள்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தொலைக்காட்சி நிலையத்தின் இயக்குநர் அவர்களே, கருவிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் இசைக்கலைஞர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் நம் சொடக்கு சாரின் துணைவியாரே, மகளே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"சார், கரும்பலகைய அழிக்கிறப்போ உங்களுக்கு மனசு ஒரு மாதிரி இருக்காதா?"

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்து சொடக்கு சார் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் கணக்கு வாத்தியார். அவருடைய ஜாஸ் இசை நிகழ்ச்சிக்கு, தாளக் கணக்கைப் பார்ப்பவர்களுக்குப் புரியவைக்கும் இரண்டு நிமிட விளக்கங்கள் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "எதுக்குப்பா இருக்கணும்? கணக்குதான் புத்தகத்துல இருக்கே" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கே போகிறோம் என்றும் அதுவரை சொல்லவில்லை.

யார் நம் சொடக்கு சார்? கேபிள் சுருட்டும் வேலைக்கு வந்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள், மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஜாஸை வீட்டுக்கு வீடு கொண்டுபோன தயாரிப்பாளர். காமிராவை மாற்றச் சொல்ல அவர் வாய் திறந்ததில்லை, விரலைச் சொடுக்குவார். வீட்டில் யாராவது நீட்டி முழக்கிப் பேசினால்கூட அந்தக் கை தானாகச் சொடுக்கும் என்று துணைவியார் கேலி செய்வார்!

ஜாஸைப் படம்பிடிப்பது எளிதா? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளை ஒரே கணக்கைப் பத்து நாள் பத்து வழியில் போடுகிறது என்று வையுங்கள். மறுநாள் என்ன வழி வரும் என்று அதற்கே தெரியாது. ஜாஸ் அப்படித்தான். மெட்டு ஒன்று, நடுவில் அந்த நிமிடம் தோன்றியதை வாசிப்பார்கள். அதை முன்கூட்டி எப்படித் திட்டமிடுவது? அதனால் அவர், எந்தக் காமிரா எப்போது எதைக் காட்டவேண்டும் என்று எழுதும் தன் காட்சித்தாளை இரண்டாகப் பிரித்தார். இடது பக்கம் திட்டம். வலது பக்கம் காலி. பதிவு முடிந்ததும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து, உண்மையில் நடந்ததை வலது பக்கத்தில் எழுதுவார். "டீ ஆறுது சார்" என்றால், "ஆறட்டும். டீய மறுபடி போட்டுக்கலாம்" என்பார்.

அப்படிப்பட்டவரா அந்தத் தவறைச் செய்தார்? ஆம், அவரேதான். அந்தத் தவறால் பாதிக்கப்பட்ட அம்மா இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அன்று டேப்புக்குத் தட்டுப்பாடு. பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்வார்கள். அழிப்புச் சீட்டில் தயாரிப்பாளரின் கையெழுத்து வேண்டும். வழக்கம்போல் ஒரு சீட்டில் போட்டார். மூன்று வாரத்தில், அந்த டேப்பில் வாசித்திருந்த டிரம்ஸ் கலைஞர் விபத்தில் போய்விட்டார். அவர் மனைவி நிலையத்துக்கு வந்து நின்றார். "பொண்ணுக்கு அஞ்சு வயசு சார். அவங்க அப்பா வாசிச்சது வேற எங்கயும் இல்ல. ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

டேப் அறைக்காரர் நம் சாரைத் தனியே இழுத்தார். "பூஞ்சை பிடிச்சுப்போச்சுன்னு சொல்லிடுங்க சார். யார் வந்து பாக்கப்போறா?"

"பூஞ்சையா கையெழுத்துப் போட்டுச்சு?" என்றார் இவர்.

மறுநாள்தான் அந்தப் பேருந்துப் பயணம். இறங்கும்போது சொன்னார்: "நீங்க பக்கத்துல இருந்தா நான் பாதியில ஓடிப்போக மாட்டேன் சார்."

மூன்றாவது மாடியில் அந்த அம்மாவின் வீடு. சமையலறையில் இஸ்திரி மேசை விரித்தபடி இருந்தது. இவர் உட்காரவில்லை. "அம்மா, அந்த டேப் இல்ல. அழிக்கச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதுமேல இப்போ பந்தாட்டம் இருக்கு."

அந்த அம்மா அடுப்பை அணைத்தார். "என் புருஷன்மேல பந்து விளையாடுறாங்களா?"

"ஆமாம்மா."

பிறகு இவர் பையிலிருந்து அந்த நிகழ்ச்சியின் காட்சித்தாள்கள் நான்கை எடுத்தார். "என்கிட்ட இதுதான் இருக்கு. வேணாம்னா போயிடுறேன்."

"படிங்க."

படித்தார். நின்றுகொண்டே படித்தார். "பதினேழாவது காட்சி. நடுக் காமிரா. சாக்ஸபோன் முடியுது. டிரம்ஸ்காரர் குனிஞ்சு சிரிக்கிறார். ஏன்னு தெரியல."

"எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா. "தாளத்துல தப்பு பண்ணிட்டா அப்படித்தான் சிரிப்பாரு, திருடன்."

இவர் பேனாவை எடுத்து அதையும் வலது பக்கத்தில் எழுதிக்கொண்டார். கடைசித் தாளும் முடிந்தது. கதவோரம் நின்ற குழந்தை கேட்டது: "அப்புறம் அப்பா என்ன பண்ணாரு?"

"அதுக்கப்புறம் நான் எழுதலடா கண்ணு."

நண்பர்களே! அந்தத் தாள்களை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவர், அதன்பின் ஓர் அழிப்புச் சீட்டிலும் கையெழுத்திடவில்லை. மேலதிகாரிகள் மிரட்டினார்கள், போடவில்லை. பதினான்கு மாதம் நிகழ்ச்சியைப் பறித்து வானிலை அறிக்கைக்கு அனுப்பினார்கள், போடவில்லை. "ஏன்யா இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டேன். "உங்க கணக்கு புத்தகத்துல இருக்கு சார். என்னுது எங்க இருக்கு?" என்றார்.

அந்தப் பிடிவாதத்தில் பிழைத்தவை இருநூற்றுப் பன்னிரண்டு டேப்புகள். ஆனால் அவர் தன்னை மன்னித்தாரா? இல்லை. ஓய்வுபெற்ற நாளில், பாராட்டுக்குப் பதில் சொல்ல எழுந்தவர், தான் அழிக்கச் சொன்ன பத்தொன்பது நிகழ்ச்சிகளின் பட்டியலைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாம் விழித்தோம். அந்த மனிதர் இன்று இல்லை!

மிஞ்சிய டேப்புகள் பலவற்றில் காட்சித்தாள் தொலைந்துவிட்டது. 'ஜாஸ், முப்பது நிமிடம்' என்று மட்டும் ஒட்டியிருக்கிறது. வாசிப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் தலையும் என் தலைபோல் நரைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் நானும் டேப் அறைக்காரரும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எழுதப்போகிறோம். முடியும்வரை எழுதுவோம். இது அவருக்கு நாங்கள் தரும் உறுதி. முகம் அடையாளம் தெரிந்தவர்கள் வந்து உட்காருங்கள்.

வர இயலாதவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டிலிருக்கும் பழைய பதிவு ஒன்றை எடுத்து, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, அதனோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.