ரெண்டு ஏஸு தாமோதரன்

ஷூவ கயட்டிட்டு உள்ள வா. சாக்ஸயும் கயட்டு. எதுக்குன்னா கேக்கற? என் வூடு, நான் சொல்றேன், கயட்டு. உங்க அண்ணி இப்பதான் தரைய தொடச்சிட்டு குந்துனா. இஷ்டம் இல்லன்னா அப்படியே திரும்பிக்கினு போ. கார்ல அந்த புரோக்கரு ஏசி போட்டுக்கினு காத்துக்கினுதான கீறான்.

ம். அந்த சேர்ல குந்து. அங்க இல்ல, இப்படி வாசப்படியாண்ட வெளிச்சத்துக்கு இயுத்துப் போட்டுக்க. கால உள்ள மடக்காத, நீட்டு. இன்னாது, மரியாதையா? அண்ணன் முன்னாடி கால நீட்டக் கூடாதுன்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சாடா உனுக்கு? சொம்மா நீட்டு.

ஏமே ராணி, தண்ணி மட்டும் குடு இவனுக்கு. காப்பி கீப்பிலாம் போடாத. கொழுந்தனாருன்னு நீ உருகாத, சொல்லிட்டேன்.

வாசல்ல நின்னுக்கினு இன்னாவோ சொன்னியே, இன்னொரு வாட்டி சொல்லு. என் மூஞ்சிய பாத்து சொல்லு தினா. ம். ரெண்டு கிட்னியும் பூடுச்சி. ம். மாத்தணும். உன் பொண்டாட்டி இளமதிது உனுக்கு சேரும்னு டாக்டரு சொல்ட்டாரு, அவளும் தரேன்னுட்டா. அதுக்கு நெலத்த விக்கணும். உன் பாகம் மட்டும் இல்ல, அண்ணன் பாகமும் சேத்து. அவ்ளோதான? சோக்கா சொல்ற. வாரத்துக்கு எத்தினி வாட்டி ரத்தம் சுத்தம் பண்றாங்கன்றதுகூட மனப்பாடமா வருது.

பேப்பர காட்டாத. அந்த கவர கீய வை. ஜெராக்ஸ் கடையில குந்துனா எவன் பேர்ல வேணாலும் எந்த வியாதிய வேணாலும் அடிச்சித் தருவான். பன்னண்டாவது பாஸுன்னு பேப்பரு அடிச்சிக்கினு வேலைக்குப் போனவன்தான நீ? உன் பேப்பர நான் பாக்கணுமா?

நெலம் பிரிக்கச் சொல்ல நைனா உன்னதான் மொதல்ல கேட்டாரு. எது வேணும் எடுத்துக்கடா சின்னவனேன்னாரு. கெணறு கீற பாகம்தான் வேணும்னு அடம் புடிச்சி வாங்கின. ரோட்டு மேல கீறது எனுக்கு வந்துச்சி. கெணறு உன்து, தண்ணிக்கு உன்னாண்ட நின்னேன். மோட்டரு போட வுட மாட்டேன்னு ஒரு போகம் என் நெல்லு காஞ்சிது, மறந்துட்டியா? இப்ப மனை போடறவன் வந்து பாத்துட்டு, பின்னாடி நெலத்துக்கு வழி இல்ல, முன்னாடி பாகமும் சேந்தாதான் வாங்குவேன்னுட்டானாம். இப்ப அண்ணன் வேணும். திருமுக்கூடல்ல மூணு ஆறு சேருது, அண்ணன் தம்பி சேரக் கூடாதான்னு போன்ல டயலாக் வேற.

எனுக்கு வேற இன்னா கீது சொல்லு. பென்சனு வருதா? புள்ள சம்பாரிச்சி போடறானா? அந்த நெலம்தான். அத்த வுட்டா நாளைக்கு காலைல எந்திரிச்சி எங்க போறதுன்னே எனுக்குத் தெரியாது. எவன் கயினியிலயோ கூலிக்கு எறங்கணும், இல்லன்னா மனை போட்ட எடத்துல வாட்ச்மேனா நிக்கணும். என் நெலத்துக்கு நானே வாட்ச்மேனு. நல்லா இருக்கும்ல?

எங்க எந்திரிக்கிற? குந்து. கேக்க வந்தவன் கேட்டுட்டுதான் போவணும்.

உன்ன நம்பணுமாம். நீ எப்படா மெய் பேசின? மூணாவது படிக்கச் சொல்ல, வாத்தியாரு செத்துட்டாரு, பள்ளிக்கூடம் லீவுன்னு மதியானமே பையத் தூக்கிக்கினு வந்த. அம்மா பாவம் அந்த வாத்தியாருக்கு அயுதுது. சாயந்தரம் அந்த மனுஷன் சைக்கிள்ல வந்து எறங்கி, ஒரு சொம்பு தண்ணி குடும்மான்னு நம்ப வூட்டாண்டயே கேட்டாரு. நைனா உன்ன நிக்க வச்சி கேட்டப்போ, நான் சொன்னது வேற வாத்தியாருன்ன. பள்ளிக்கூடத்துக்கே இருந்தது ஒரு வாத்தியாரு.

சிரிக்காத. சிரிப்பு வர்ற நெலமையில நான் இல்ல.

அத்த வுடு. மில்லுல நடந்தத சொல்லு. சொல்ல மாட்ட, ஊரெல்லாம் சொல்லி சொல்லி உனுக்கே சலிச்சிப் போயிருக்கும். காவாந்தண்டலம் டீக்கடையில இன்னிக்கும் நான் போயி நின்னா, ரெண்டு ஏஸுக்கு ஒரு டீ போடுன்றான். தாமோதரன்ற பேரே பூடுச்சி. ஒரு வாட்டி என் வாயால அந்த கதைய கேளு. புரோக்கரு குந்திக்கினு இருக்கட்டும், டீசலு அவன்துதான.

போன வருஷம் காணும் பொங்கலு. உத்திரமேரூர்ல முத்துகிருஷ்ணன் ரைஸ் மில்லு லீவு. அந்த ஜெகன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேல பாக்கறவன், லீவுக்கு வந்தா கம்முனு கெடப்பானா? மூணு சீட்டு ஆடி கெட்டவனுங்க அத்தினி பேரயும் கூட்டி, இது போக்கரு, ஒலகமே ஆடுது, டோர்னமெண்ட் வைக்கலாம்ன்னான். துட்டு கெடயாது, போலீஸ் பேஜாரு வேணாம். ஆளுக்கு ஒரு குவியல் புளியங்கொட்ட. எவனும் வூட்ல இருந்து மடியில கட்டிக்கினு வந்துடக் கூடாதுன்னு அத்தினி கொட்டைக்கும் அவன் பொண்டாட்டி நெய்ல் பாலிஷ எடுத்து செவப்பு பொட்டு வச்சிருந்தான். கொட்ட தீந்தவன் வெளிய போவணும். கடசியில எல்லாம் எவன்கிட்ட சேருதோ, அவனுக்கு மில்லுக்காரரு ஒரு கிடேரி கன்னுக்குட்டி தரேன்னுட்டாரு.

அதுக்கு முன்னாடி பேஞ்ச மழையிலதான் என் செவல மாடு செத்துது. கன்னுக்குட்டிக்காகத்தான் நான் ஆட வந்தேன்னு உனுக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லிடாத. மொத நாளு இதே எடத்துல நின்னுக்கினு, அண்ணா நீதான் ஜெயிக்கப் போறன்னு சொன்னவன்தான நீ.

ஷாமியானா கடையில டேபிளு, சேரு எல்லாம் எடுத்தாந்து களத்துல போட்டானுங்க. நெல்லு காயற எடம், எவனும் செருப்போட ஏறக் கூடாதுன்னு முத்துகிருஷ்ணன் கண்டிசனா சொல்ட்டாரு. ஜமீன்தாரு மாரி சேர்ல குந்திக்கினு அத்தினி பேரும் வெறுங்காலு.

முனியன் போனது ஞாபகம் கீதா? கைல ரெண்டு சீட்டு, நடுவுல தொறந்த சீட்டு, எல்லாம் சேத்து வரிசையா அஞ்சி சீட்டு சேந்துடுச்சி அவனுக்கு. மூணு சீட்டு ஆட்டத்துல வரிசை வந்தா கலருக்கு மேல. அந்த தகிரியத்துல மொத்தத்தையும் தள்ளிட்டான். எதுருல இருந்தவன் அஞ்சும் ஆட்டினு போட்டான், ஒரே கலரு. போக்கர்ல கலருதான் பெருசுன்னு ஜெகன் சொன்னதும், இது இன்னா நாட்டு ஆட்டம்டான்னு துண்ட ஒதறிக்கினு போனான். நான் அன்னிக்கி முடிவு பண்ணேன், நெதானமா ஆடணும்னு.

மத்தியானம் பிரியாணி துன்னுட்டு பாத்தா, மிச்சம் ரெண்டே பேரு. இந்தாண்ட நானு, அந்தாண்ட நீ. உன் பின்னாடி உன் மாமனாரு, மச்சான் ஸ்ரீகாந்து, இளமதி வூட்டு ஆளுங்க அத்தினி பேரும்.

ஜெகன் சீட்டு போட்டான். ஓரமா தூக்கிப் பாத்தேன். ஒரு ஏஸு. இன்னொண்ணையும் பாத்தேன். அதுவும் ஏஸு. அந்த ஆட்டத்துல அதுக்கு மேல கையே கெடயாது. நடுவுல ஒரு சீட்டுகூட தொறக்கல. நீ ரெண்டு கையாலயும் உன் குவியல மொத்தமா தள்ளிட்டு, ஆல் இன்னுன்ன.

உன்து என்து ரெண்டும் ஏறக்கொறைய ஒரே அளவு. நானும் தள்ளிட்டா ஒருத்தன் எந்திரிச்சிக்கணும். ஏஸு தோக்காதுன்னு இல்ல. நடுவுல அஞ்சி சீட்டு வரணும், எது வரும்னு எவனுக்குத் தெரியும்? ஆனா அந்த கைய வச்சிக்கினு தள்ளாதவன் ஆடவே வரக் கூடாது. அதுவும் எனுக்குத் தெரியும்டா. தள்ளலாமா வேணாமான்னு குவியல்ல கை வச்சேன், ஒரு கொட்ட உருண்டு டேபிளுக்குக் கீய வுயிந்துது. குனிஞ்சி எடுத்தேன். ஒத்த புளியங்கொட்டைக்கு குனியறான் பாருன்னு உன் மச்சான் சிரிச்சான். நிமிந்தேன். உன்ன பாத்தேன். இந்த கை வேணாம்னு சீட்ட கவுத்து வச்சிட்டேன்.

நீ இன்னா பண்ண? கவுத்த சீட்ட வுட வேண்டியதுதான? எட்டிப் புடுங்கி தொறந்து ஊருக்குக் காட்டின. உன்தயும் தொறந்த. ஒரு ஏயு, ஒரு ரெண்டு, கலருகூட சேரல. ரெண்டு ஏஸ வச்சிக்கினு கவுக்கறான் பாரு, எங்கண்ணன் கேனையன்னு டேபிளு மேல ஏறி கத்துன. களமே சிரிச்சிது. பிரியாணி கிண்டுனவன்கூட கரண்டியோட வந்து பாத்துட்டு சிரிச்சான். அதுக்கப்பால எனுக்கு ஆட்டம் ஓடல, கொஞ்ச நேரத்துல எல்லாம் உன்கிட்ட வந்துடுச்சி. அந்த கன்னுக்குட்டியையாவது வளத்தியா? அடுத்த சந்தையிலயே தள்ளி வுட்டுட்ட. ஒரு வாட்டி அது கயுத்த தடவிட்டுத் தரேன்னு உங்க அண்ணி கேட்டா. அதுக்கும் வுடல நீ.

மன்னிப்பு கேக்காத. இப்ப எதுக்கு மன்னிப்பு? அதுவும் புரோக்கரு சொல்லிக் குடுத்தானா?

இன்னா நெனச்சிக்கினு கீற, பயந்துதான் கவுத்தேன்னா? நீ பெரிய கை வச்சிருக்கன்னு நம்பி ஏமாந்துட்டேன்னா? உன் காலு பெருவெரலு தினா. வலது காலு. பொய் சொல்லச் சொல்ல அத்த தூக்கி பக்கத்து வெரலு மேல போட்டுப்ப. சின்ன வயசுல இருந்தே. உனுக்கே தெரியாது. வாத்தியாரு செத்துட்டாருன்ன அன்னிக்கி நைனா உன் மூஞ்சிய பாத்துக்கினு இருந்தாரு, நான் கால பாத்தேன். மில்லுல கொட்ட எடுக்கக் குனிஞ்சப்பவும் பாத்தேன். டேபிளுக்கு மேல நெஞ்ச நிமித்திக்கினு குந்தியிருக்க, கீய வெரலு மேல வெரலு. கைல ஒண்ணுமே இல்லன்னு நீயே வாயத் தொறந்து சொன்ன மாரிதான்.

தெரிஞ்சேதான் கவுத்தேன். கம்பெனியில உன்ன நிறுத்திட்டாங்கன்னு உன்கூட வேல பாத்த பெஞ்சமின் அதுக்கு முன்னாடியே என்னாண்ட சொல்ட்டான். தெனம் சோத்து டப்பாவ எடுத்துக்கினு கெளம்பி, சாயந்தரம் வரிக்கும் பஸ் ஸ்டாண்டுல குந்தியிருந்துட்டு வூட்டுக்குப் போறான்னான். மாமனாரு பின்னாடி நிக்க, அந்த ஏயையும் ரெண்டையும் உன்ன தொறக்க வைக்க எனுக்கு மனசு வரல. கன்னுக்குட்டிதான, எடுத்துக்கினு போன்னு வச்சேன். நீ சிரிச்சப்ப சொல்லியிருக்கலாம். சொல்லிட்டா அப்பால ஷூ போட்டுக்கினு வந்து பொய் சொல்லுவ.

அதான் கயட்டச் சொன்னேன். தரைய பாரு, தொடச்ச மாரியா கீது? காலைல இருந்து உங்க அண்ணி தொடப்பத்தயே எடுக்கல, நீ வரேன்னு போன் பண்ணதுல இருந்து அந்த மூலையில குந்தி அயுதுக்கினு கீறா. வந்ததுல இருந்து உன்ன இந்த திட்டு திட்றேனே, எதுக்கு? நீ வாயத் தொறக்கணும். கோவத்துல நாலு வார்த்த பேசணும். அந்த வெரலு ஏறணும். கிட்னின்ற பேச்ச திரும்ப சொல்ல வச்சேன். பேப்பரு பொய்யின்னேன். ஈ குந்துனா கால ஒதர்ற, ஆனா அந்த வெரலு ஏறல. சாக்ஸ கயட்டி இவ்ளோ நேரம் ஆச்சி, அது அயுத்துன பள்ளம் இன்னும் அப்படியே கீது. எப்படிடா இப்படி வீங்கிச்சி உன் காலு?

ஏமே ராணி, அந்த புரோக்கர உள்ள கூப்புடு. கையெயுத்து எங்க போடணுமோ போடறேன், மொத்தத்தையும் தள்ளிடறேன். அது கெடக்குது வுடு. தினா, அவன் வர்றதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி அந்த வெரல தூக்கிப் போடுடா. போட்டுட்டு எந்திரிச்சி, எங்கண்ணன் கேனையன்னு சிரி. ஊரக் கூட்டி வச்சி சிரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.