வருமானத்தைக் கூட்டிக் காட்டச் சொன்னவர்

தலைமை ஏற்று, அந்தத் தலைமையின் களைப்பையும் சேர்த்தே ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வரவு செலவு வாசித்து முடித்துவிட்டு இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடும் பொருளாளர் அவர்களே, ஒழுகும் குழாய்களை ஓயவைக்கும் பிளம்பர் பெருமக்களே, மின்சாரத்தோடு பழகியும் இன்னும் நம்மோடு இருக்கும் எலக்ட்ரீஷியன் சகோதரர்களே, சுவருக்குக் கொடுத்த நிறத்தைத் தம் சட்டைக்கும் கொடுத்துக்கொண்ட பெயின்டர் நண்பர்களே, அனுபவத்தால் உயர்ந்த பெரியோர்களே, வீட்டுக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் தாய்மார்களே, வருமானம் உள்ளவர்களே, வருமானமே இல்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பவர்களே, உங்கள் அனைவரையும் வருமான வரியின் பெயரால் வணங்குகிறேன்.

கைதட்டல் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

"முதல்முறையாக வரிப் படிவம் நிரப்புகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று செயலாளர் என்னை அழைத்தார். வந்ததை எழுதுங்கள், செலவைக் கழியுங்கள். நாலு வார்த்தை முடிந்துவிட்டது. ஆனால் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் வீணாகப் போகக் கூடாது. ஆகவே, வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நான், என்னிடம் வந்த ஒரு மனிதருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் ஒரு பிளம்பர். உங்கள் சங்கத்துக்காரர். பட்டப்பெயர் 'வாஷர்'. எந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாலும் பையிலிருந்து இரண்டு வாஷராவது உதிரும். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் இங்கே இல்லை. எவர் வீட்டுக் குளியலறையோ நிரம்பிக்கொண்டிருக்கிறது, அங்கே இருக்கிறார். கதையைச் சொல்ல அவரும் மனைவியும் சம்மதம் தந்திருக்கிறார்கள். மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவருக்கு மாதச் சம்பளம். அது கைக்கு வரும் முன்பே வரியைப் பிடித்துவிடுவார்கள். வாஷருக்கோ சம்பளமும் கிடையாது, பிடிப்பவரும் கிடையாது.

நெடுநாளாகக் குழந்தை இல்லை. மருத்துவம் பார்த்தார்கள், மனம் ஓய்ந்தார்கள். ஒருநாள் மனைவி வேலை முடிந்து வந்து, "தத்தெடுத்துக்கலாங்க" என்றார். ஸ்பேனருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், "ஆகட்டும்" என்றார். விவாதம் அவ்வளவுதான்.

குழந்தைகள் காப்பகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மையார் கேட்டார்.

"வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறாரு?"

"பிளம்பருங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

"வருமானத்துக்கு ஏதாவது அத்தாட்சி?"

வாஷர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு கைகழுவும் தொட்டி. "அந்த லைன் நான் போட்டதுதான் மேடம்" என்றார்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை ஃபைல்ல வைக்க முடியாதுங்களே."

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். உழைக்காதவரா அவர்? ஊருக்கு உதவாதவரா அவர்? அடுக்குமாடிக்கு அவரைத் தெரியும். அடித்தளத்துக்கு அவரைத் தெரியும். அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு அவரை நன்றாகவே தெரியும். காகிதத்துக்கு மட்டும் அவரைத் தெரியாது. மனைவியின் சம்பளம் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், காப்பகம் கேட்ட அளவுக்கு எட்டவில்லை.

அப்படித்தான் செருப்புக் கடைக்கு மேலிருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். துணைக்கு மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். வாஷர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை பேரைக் குடுத்துட்டா, அப்புறம் வருஷா வருஷம் விடமாட்டாங்கன்னு சொல்றாங்களே மேடம்?"

"ஆமாண்ணே, விடமாட்டாங்க. குழந்தையும் அப்படித்தான்" என்றேன்.

அவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

தம்பி குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஒரு யோசனை. மச்சானோட வருமானத்தைக் கொஞ்சம் தூக்கலா எழுதிடுங்க. வரிதானே, கட்டிட்டுப் போறோம்."

அவையோரே, என் எதிரே அமர்ந்து வருமானத்தைக் கூட்டிக் காட்டச் சொன்ன முதல் மனிதர் அவர். என் பேனா கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டேன்.

"முதல்ல உள்ளதைப் பார்ப்போம்" என்றேன். வாஷர் தன் ஆண்டு வருமானம் என்று ஒரு தொகையைச் சொன்னார். கம்பீரமான தொகை. மைத்துனரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுல பைப் வாங்கின காசு?"

"அதுவும் சேர்த்துத்தான்."

முதல்முறைக்காரர்கள் இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கைக்கு வந்ததெல்லாம் வருமானம் ஆகாது. தொழிலுக்குச் செலவழித்ததைக் கழித்து, மிஞ்சி நிற்பதே வருமானம். பைப் கழியும், பசை கழியும், வேலைக்குப் போன பெட்ரோல் கழியும். மாமியார் வீட்டுக்குப் போன பெட்ரோல் கழியாது. முன்வரிசையில் ஒருவர் "செல்போன்?" என்கிறார். தொழிலுக்குப் பேசிய பங்கு கழியும். மனைவியிடம் பேசியது, எவ்வளவு நீளமானாலும், கழியாது. கழிப்பது எதுவானாலும் ரசீது வேண்டும். மிஞ்சியது வரம்புக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. வரி இல்லாவிட்டாலும் படிவம் கொடுக்கலாம். கொடுத்து வையுங்கள்.

கழித்தோம். கழிக்கக் கழிக்க வாஷர் நாற்காலியில் சிறுத்துக்கொண்டே போனார். கடைசியில் நின்ற தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா நான்?" என்றார்.

மனைவியின் சம்பளத்தோடு சேர்த்தும் காப்பகம் கேட்டதற்குக் கொஞ்சம் குறைந்தது.

"அதான் சொன்னேன்" என்றார் தம்பி.

மனைவி கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கூட்டி எழுத வேண்டாம் மேடம். நாளைக்கு அந்தப் புள்ள பெருசாகி, என்னை எப்படிம்மா கூட்டிட்டு வந்தீங்கன்னு கேட்டா, பொய்க் கணக்குக் காட்டித்தான்னு சொல்றதா?"

வாஷர் அவரைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "உள்ளதை எழுதுங்க மேடம்" என்றார்.

எழுதினோம். விட்டுப்போன ஆண்டுகளுக்கும் எழுதினோம். தாமதத்துக்கு அபராதம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். காப்பகத்து அம்மையார் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "கொஞ்சம் குறையுதே" என்றார்.

"தெரியும்ங்க."

"அடுத்த வருஷக் கணக்கோட வாங்க."

நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று மேடையில் பேசுவது வழக்கம். கிடைக்கவில்லை. ஒரு வருடக் காத்திருப்புத்தான் கிடைத்தது. குழந்தைக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் வாஷர் பைப்புகளை அடுக்க ஆரம்பித்தார். மனைவி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அதன் பிறகு அவர் அடுக்கவில்லை.

மனைவி சாயங்காலம் இன்னொரு தடத்திலும் வண்டி ஓட்டினார். வாஷர் ஒவ்வொரு வேலைக்கும் பில் போட்டார். வீட்டுக்காரர்கள் அந்தப் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்று கூட ஒருவர் கேட்டாராம். கணக்கு எழுத ஆரம்பித்ததும் ஓர் உண்மை தெரிந்தது: பாதி வேலைகளுக்குக் கூலி கேட்கவே அவர் மறந்திருக்கிறார். கேட்டார். கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டுப் படிவத்தை அவரே நிரப்பிக்கொண்டு வந்தார். நான் பார்த்தேன், அவ்வளவுதான். இந்த முறை அளவு எட்டியது. அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்தார். குழாய்களில் குறை காண முடியவில்லை. சில மாதங்களில் தொலைபேசி வந்தது. நடக்கத் தெரிந்த, நிற்கத் தெரியாத ஒரு பெண் குழந்தை.

முந்தைய ஆண்டே பொய்க் கணக்கோடு போயிருந்தால், இந்தக் குழந்தை அப்போது அந்தக் காப்பகத்திலேயே இல்லை. வேறொரு குழந்தை வந்திருக்கும். அதுவும் நல்ல குழந்தையாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பேச்சை எடுத்தாலே மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாராம்.

இந்த ஆண்டு மூவருமாக வந்தார்கள். குழந்தை என் ரப்பர் முத்திரையால் தன் கையில் 'பெறப்பட்டது' என்று அடித்துக்கொண்டது. படிவத்தில், உங்களைச் சார்ந்து வாழ்வோர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பினால் வரியில் கொஞ்சம் குறையும். குழந்தையின் பெயரைக் கேட்டேன்.

"இதுக்கு எவ்வளவு கழியும் மேடம்?" என்றார் வாஷர். சொன்னேன். "அவ்வளவுதானா? இவ தொலைச்ச செருப்புக்கே காணாதே."

மனைவி சொன்னார்: "கழியுதோ இல்லையோ, எழுதுங்க மேடம். பேரு இருக்கட்டும்."

பெருமக்களே, இதைவிடப் பெரிதாக நான் என்ன சொல்லிவிட முடியும்? சுவருக்குள்ளே மறைகிறது உங்கள் வேலை. தரைக்கு அடியிலே மறைகிறது உங்கள் வேலை. பூச்சுக்குப் பின்னே மறைகிறது உங்கள் வேலை. வேலை மறையலாம், வேலை செய்தவர் மறையலாமா? ஊர் நடக்க உழைத்தவர் யார் என்று ஒருநாள் எவரேனும் கணக்கெடுத்தால், அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டாமா? இருக்கட்டும். குறைவாக இருந்தாலும் உள்ளபடி இருக்கட்டும். உங்கள் கையாலே எழுதியதாக இருக்கட்டும்.

இப்போது தட்டுகிறீர்கள். நன்றி. வாசலில் மேசை போட்டு, படிவங்களோடு உட்காரப் போகிறேன். பின்பக்கக் கதவைச் செயலாளர் பூட்டிவிட்டார். அவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என் பேச்சு முடியும்வரை கொட்டாவியை வாய்க்குள்ளேயே வைத்திருந்த தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் செலுத்துகிறேன். இந்த நன்றிக்கு வரி கிடையாது. வணக்கம்.