கைவிடப்பட்ட கொட்டகை

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறோம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் ஹோசியா மீக்கிஸ். வயது அறுபத்தொன்று. இருபத்திரண்டு வருடமாக ஏரியின் மேல் பனிப்பாதைக்கு மரம் நடுகிறவன் நான்தான்.

நீங்கள் தெற்கே நகரத்திலிருந்து வந்தவர், அதனால் விளக்குகிறேன். டிசம்பரில் ஏரி உறைந்ததும் நான் கடப்பாரையோடு நடந்துபோய், துளை போட்டுப் போட்டு ஐஸின் கனத்தை அளப்பேன். வண்டியைத் தாங்கும் என்று தெரிந்த இடத்தில் ஒரு ஊசியிலைக் கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். கால் மணி நேரத்தில் தண்ணீர் உறைந்து கன்று இறுகிவிடும். அந்தக் கன்று வரிசைதான் பாதை. விமானம் இறங்குவது அக்கரையில். மரம் நட்டவனிடம் பாதை எப்படி என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கேட்டால், சமைத்தவளைப் பார்த்து விஷம் வைத்திருக்கிறாயா என்று கேட்டதற்குச் சமம்.

வெர்னா என் அக்காள் மகள். கரையில் இருக்கும் மீன் கூடம் அவளுடையது என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கட்டியவன் நான். ஒவ்வொரு பலகையும் என் படகில் வந்தது. பிடித்த மீனை முழுசாக வெளியூர் வியாபாரியிடம் தள்ளிவிடாமல் நாமே அறுத்து, முள்ளெடுத்து, உறையவைத்து விற்கலாம் என்று இந்த ஊரில் முதலில் வாய் திறந்தவனும் நான்தான். இரண்டு கோடை நடத்தினேன். பிறகு பூட்டினேன். பதினோரு வருடம் பூட்டியே கிடந்தது. பூட்டியது வேறு, கைவிட்டது வேறு. வேண்டாத பொருளுக்கு எவனும் பூட்டுப் போடமாட்டான்.

அவள் வந்து சாவி கேட்டாள், கொடுத்தேன். மூன்றே வருடத்தில் அங்கே பதினான்கு பெண்களுக்கு வேலை. நான் எட்டிப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "மாமா, உங்க கொட்டகை இப்பத்தான் மீன் வாசமே பாக்குது. முன்னாடியெல்லாம் எலி வாசந்தான்." கத்தியும் கையுமாக நின்ற பதினான்கு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். எங்களிடம் கிண்டல் என்றால் பாசம் என்று அர்த்தம். அதை ஒருநாளும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு அந்த விருது அறிவித்தார்கள். பூர்வகுடி ஊர்களில் தொழில் வளர்த்தவர்களுக்கு வருடாவருடம் கொடுப்பது. விழா தெற்கே, வின்னிபெக் நகரத்தில். தகுதியுரையை ஊர் மன்ற அலுவலகத்தின் கதவில் ஒட்டியிருந்தார்கள். 'கைவிடப்பட்ட ஒரு கொட்டகையிலிருந்து ஓர் ஊரையே நிமிர்த்தியவர்' என்று இருந்தது. நான் அதை மூன்று தடவை படித்தேன். அவளிடம் கேட்கவும் செய்தேன்.

"நான் எழுதுனதில்ல மாமா அது. உங்க பேரத்தான் மொதல்ல சொன்னேன். எடமில்லன்னு வெட்டிட்டாங்க. மேடையில சொல்லிடுறேன், விடுங்க."

விடுங்க என்றாள். நான் பேருக்கு அலைகிறவன் இல்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் பிழை பிழைதான். கதவில் ஒட்டிய பிழையைக் கிழித்துத் திருத்தச் சொல்லியிருக்கலாம். அவள் செய்யவில்லை.

உங்கள் ஆட்கள் ஏரியில் ஒன்பது பழைய துளைகளைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். சரிதான், ஒன்பதுதான். பாதை எப்போதும் பெரிய தீவுக்கு வெளிப்பக்கமாக வளைந்து போகும். இரண்டு தீவுகளுக்கு நடுவே போனால் தூரம் குறைவு. ஆனால் அடியில் நீரோட்டம் இருப்பதால் அங்கே ஐஸ் ஜனவரி வரை உருப்படாது. வியாழக்கிழமை மதியம் வளைவில் இருந்த ஒன்பது கன்றுகளையும் வெட்டியெடுத்து அந்த நடுவில் நட்டேன். ஐஸ் உடைந்தாலும் விளிம்பில் மாட்டித் தாங்கும்படி நீளக் கழியைக் குறுக்கே பிடித்து நடந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் பனி கொட்டித் தடத்தை மூடியது. ஊருக்குப் பாதையை இன்னும் திறக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். வெர்னாவுக்கு மட்டும், விழாவுக்குப் போக வெள்ளிக்கிழமை விமானம் பிடிக்க வேண்டும் என்பதால், மரம் நட்டாயிற்று என்று தகவல் அனுப்பினேன். மற்றவர்கள் விஷயத்தில் நான் கவனமாகவே இருந்தேன்.

அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

காலையில் கரையில் வண்டியை நிறுத்தி, துணியில் சுற்றிய சட்டி ரொட்டியை என் கையில் கொடுத்தாள். "சூடா இருக்கு, சாப்பிடுங்க. விருத வாங்கிட்டு வந்ததும் உங்க கொட்டகையிலதான் மாட்டப்போறேன்." பக்கத்தில் ட்ரேசி. கூடத்தில் மீன் கட்டுகிறவள், எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள்தான் தலையை நீட்டினாள். "பெரியவரே, ஐஸு தாங்கும்ல?"

வெர்னா அவள் தோளில் ஒன்று போட்டாள். "ஏய், மரம் நட்டவருகிட்ட அப்படிக் கேக்கக் கூடாதுடி. எங்க மாமா நட்டா நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன்." பிறகு என்னைப் பார்த்து, "வெளியூர்க்காரி, தெரியாமக் கேட்டுட்டா. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

என் வாயில் ரொட்டி இருந்தது. அதனால் நான் பேசவில்லை.

டிசம்பர் ஐஸில் போகிறவர்கள், உடைந்தால் வெளியே குதிக்க வசதியாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெல்ட் போடாமல்தான் போவார்கள். ட்ரேசி அப்படித்தான் போனாள். வெர்னா கதவைச் சாத்தி, பெல்ட்டும் போட்டிருந்தாள். ஐஸ் உடைந்தபோது என்னை நம்பாதவள் வெளியே விழுந்தாள், நம்பியவள் வண்டியோடு உள்ளே போனாள். கயிறு போட்டு ட்ரேசியை இழுத்தவன் நான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கயிறு எப்படித் தயாராக இருந்தது என்று அவள் உங்களிடம் கேட்டாளாம். நான் எதையும் முன்யோசனையோடு செய்கிறவன்.

விருதை ஊருக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். தாய்மாமன் என்று மன்றம் என்னை வாங்கச் சொன்னது. தகுதியுரையை நான்தான் வாசித்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை நான் உருவவில்லை.

கூடத்தை இப்போது யாரும் திறப்பதில்லை. பதினான்கு பேரும் வீட்டில் இருக்கிறார்கள். இனி அதைக் கைவிடப்பட்ட கொட்டகை என்று எழுதினால் தப்பில்லை.

ஆம், நான்தான் கொன்றேன். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது உண்மையல்ல. காகிதத்தை இப்படிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இங்கே என் பெயருக்குக் கீழே வெறும் 'மரம் நடுபவர்' என்று போட்டிருக்கிறீர்களே. அதை அடித்துவிட்டு, 'மீன் கூடத்தை நிறுவியவர்' என்று எழுதுங்கள். இடம் இருக்கிறது, பாருங்கள்.