மஞ்சள் நகல்

பெயரையும் கதவு எண்ணையும் வாக்குமூலத் தாளின் மேலே எழுதிக்கொண்டீர்கள். வயது அறுபத்தொன்று. பேருந்து டிக்கெட் பரிசோதகராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெரிந்தவர்கள் செக்கரம்மா என்பார்கள். சந்தேகப்படுவதற்குத்தான் இத்தனை வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். "உனக்கு ரிட்டயர்மென்ட் ஆனாலும் உன் சந்தேகத்துக்கு ஆகல" என்பார் என் கணவர்.

என் மீது புகார் கொடுத்திருப்பவர் இளைஞர் வழிகாட்டி மன்றத்தின் ஒருங்கிணைப்பாளர். எப்போதும் பல் தெரிய இருப்பதால் அவரைச் சிரிப்பு சார் என்போம். நேற்று அவர் சட்டையைப் பிடித்ததும் அலுவலக அலமாரியின் பூட்டை உடைத்ததும் நான்தான். மறுக்கவில்லை.

ஒன்றரை வருடமாக அந்த மன்றத்தில் தொண்டராக இருக்கிறேன். ஒரு தொண்டருக்கு ஒரு பிள்ளை என்று ஒப்படைப்பார்கள். சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, கண்ணாடிக் கதவு போட்ட அறையில், கூட்டத்தில் பேசவும் விண்ணப்பம் நிரப்பவும் பழக்க வேண்டும். அதன் பிறகு, நடந்ததை மூன்று நகல் புத்தகத்தில் எழுத வேண்டும். வெள்ளைத் தாள் புத்தகத்திலேயே இருக்கும். இளஞ்சிவப்பையும் மஞ்சளையும் கிழித்து அலுவலகத் தட்டில் போட வேண்டும். எங்கள் டிப்போவிலும் இதே மூன்று நிறம்தான். அங்கே மஞ்சள் கோப்புக்குப் போய்த் தூசி பிடிக்கும். இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒப்படைத்த பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. தாய் தந்தை இல்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மன்றம் நடத்திய முகாமில் பதினொரு பேரை ஒரே விசிலில் வரிசையாக நிறுத்தியதால் எல்லோருக்கும் அவள் கேப்டன். வந்த முதல் நாளே, "டிக்கெட் எடுக்காதவளைப் பாக்குற மாதிரியே பாக்குறீங்களே, செக்கரம்மா" என்றாள். அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கடந்த சனிக்கிழமை, வெளியூரில் செவிலியர் பயிற்சிக்குத் தனக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னாள். இந்த வெள்ளி மாலை ஐந்துக்குள் சேர வேண்டும், தவறினால் இடம் போய்விடும். அண்ணனோ, படுக்கையில் கிடக்கும் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ள அவளை அந்த வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்திருந்தார். அவருக்குத் தெரியாமல் திங்கள் காலை கிளம்புவதாக இருந்தாள். "யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க" என்றாள். "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது, போடி" என்றேன்.

அவள் போனதும் புத்தகத்தில் எழுதினேன். கைப்பழக்கம். திங்கள், காலை 6.10 வண்டி, தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் ஏறுவாள், பயணி ஒருவர், பை இரண்டு.

வெளியே வரும்போது சிரிப்பு சார், "கேப்டன் அடுத்த வாரம் வருவாளாம்மா?" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்க மாட்டார். அதை மனதில் குறித்துக்கொண்டேன். மறந்து வைத்த கைப்பையை எடுக்கத் திரும்பியபோது வாசல்படியில் பெண்ணின் அண்ணனும் அவரும் நின்றார்கள். அண்ணன் கையில் ஒரு கவர் இருந்தது. என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

திங்கள் காலை வழியனுப்ப ஆறு மணிக்கே போனேன். எனக்கு முன்னால் அண்ணன் பைக்கில் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு பையோடு வந்தாள். அவர் சத்தம் போடவில்லை, பைகளை வாங்கி டேங்க் மேல் வைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் என்னைப் பார்த்திருக்கிறார்கள், அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. வண்டி சரியாக 6.10க்குப் போனது. அன்றிலிருந்து அவள் போன் அணைந்தே இருக்கிறது.

அதன் பிறகு நேற்று அலுவலகம் போய், "யோவ், பாவி, அந்தப் புள்ளையைக் காட்டிக் கொடுத்துட்டியே" என்று சட்டையைப் பிடித்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். அப்போதும் சிரிப்பது போலவே இருந்தது. யாரிடம் கதை விடுகிறான் என்று கத்தரிக்கோலால் பூட்டை நெம்பினேன். உள்ளே ஒரு பதிவேடு இருந்தது. தலைப்பு, மஞ்சள் நகல் பாதுகாவலருக்கு. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் நேரே அண்ணனின் கையெழுத்து. கடைசிக் கையெழுத்தோடு இளஞ்சிவப்புத் தாள் குத்தியிருந்தது. பயணி ஒருவர், பை இரண்டு. என் கையெழுத்து.

"நாங்க படிக்கிறதே இல்லம்மா, அப்படியே கவர்ல போட்டுக் குடுத்துடுவோம். முதல் நாள் பயிற்சியிலேயே சொன்னோமே" என்றார். அந்தப் பயிற்சியில் நான் வருகைத் தாளை வைத்துக்கொண்டு, வராமலே கையெழுத்துப் போட்டது யார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வருவாளா என்று அவர் கேட்டது குழுப் படம் எடுப்பதற்காம்.

அவர் மீது தப்பில்லை. பூட்டுக்கும் சட்டைக்கும் என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் இன்று புதன். ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், நீலக் கேட் போட்ட வீடு, அண்ணனின் மாமியார் வீடு. இன்று காலை அங்கே துணிக்கொடியில் அவள் முகாம் சட்டை காய்ந்ததைப் பார்த்தேன். இப்போதே ஆள் அனுப்புங்கள். அவளைத் தனியாகக் கேளுங்கள், அண்ணனை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

எழுத்தர் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் தாளைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் கார்பன் இருந்தது. நகல் யாருக்குப் போகும் என்று கேட்டேன். பெண்ணின் அண்ணனுக்குப் போகாது என்று அவர் ஓரத்தில் எழுதிய பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)