தம்பியின் வலது கை நகர்ந்தது குறித்து

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது நாற்பத்தாறு. தையல் கடை வைத்திருக்கிறேன். இறந்துபோனவர் என் உடன்பிறந்த தம்பி. என் கடைக்கு அடுத்த கடையில் பூட்டு ரிப்பேரும் சாவி போடும் வேலையும் பார்த்து வந்தான். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அன்றைக்கு அது எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

சம்பவத்தன்று காலை தம்பியின் கடையில் சத்தம் கேட்டு ஓடியபோது ஓர் ஆள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். அவன் பிறகு பிடிபட்டான். வாசலிலிருந்து பார்த்தேன், தம்பி வேலை மேஜைக்குப் பக்கத்தில் தலையில் அடிபட்டுக் குப்புறக் கிடந்தான். நான் போட்ட கூச்சலில் தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் எனக்கு முன்னால் உள்ளே போய், தம்பியின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, "முடிஞ்சு போச்சும்மா" என்று சொல்லி என்னை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட்டார். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமே என்று கேட்டேன்.

"உயிர் இல்லாதவரைத் தூக்கி என்னம்மா பண்றது? தடயம் கெட்டுப்போகும். புது மெஷின் வருது, அது அளந்து முடிக்கட்டும், அப்புறம் டாக்டர் வருவார்" என்றார்.

அது நகராட்சி புதிதாக வாங்கிய லேசர் மெஷின். முக்காலியில் சுழன்று அறையை இருந்தது இருந்தபடி பதிந்துகொள்ளுமாம். முன்பு ஒரு கொலை வழக்கில் டேப் வைத்து அளந்த கணக்கு தப்பாகி ஆள் விடுதலையானதால் இதை வாங்கினார்களாம். வாங்கியது நகராட்சி என்பதால் இயக்குவதும் நகராட்சியில் ரோடு அளக்கிற சர்வேயர்தான். கைக்குழந்தையைப் போல அதை அணைத்துக்கொண்டு வந்தார். சுழலும்போது ஆள் தெரிந்தால் ஆளும் பதிவாகிவிடும் என்று எங்கள் எல்லோரையும் தெருவின் எதிர்ப்பக்கம் அனுப்பினார்கள். முதலில் முன்வாசலில் வைத்துச் சுழலவிட்டார். அதன் பிறகு சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்வாசலில் வைத்தார். முன்னால் போலீஸ்காரரும் பின்னால் இன்ஸ்பெக்டரும் காவல். ஒருவரும் உள்ளே போகவில்லை. அவ்வளவு நேரமும் என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மெஷின் ஒன்றுதான். நான் எதிர்ப்பக்கம் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றேன்.

அதன் பிறகு டாக்டர் வந்து பார்த்து, இறந்துவிட்டார் என்று எழுதினார். நாங்கள் அடக்கம் செய்தோம்.

வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் மெஷின் பதிந்தபடியே இருந்த, திருத்தாத படத்தைக் கேட்டு வாங்கினார். அதில் என் தம்பிக்கு வலது கை இரண்டு இருந்தது. முதல் சுற்றில் இடுப்போடு மடங்கிக் கிடந்த கை. இரண்டாம் சுற்றில் ஒரு சாண் தள்ளி வாசல் பக்கம் நீண்ட கை. சர்வேயரைக் கேட்டதற்கு, "ரோட்ல அளக்கும்போது ஆள் வண்டி குறுக்க வந்தா ஒரே இடம் ரெண்டு விதமா விழும்மா. நகர்ந்ததை அழிச்சிடுவோம். அதே பழக்கத்துல ஒண்ணை அழிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

யாரோ உள்ளே புகுந்து தடயத்தைக் கலைத்துவிட்டார்கள் என்கிறார் வக்கீல். நேற்று இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்தார். "பாசத்துல ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன்னு சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல. கேஸ் நிக்கும். உங்களுக்கும் மனசு ஆறும்" என்றார். ராத்திரி முழுக்க யோசித்தேன். மனசு ஆறத்தான் செய்யும். தொட்டேன் என்று சொன்னால் அவன் அடிபட்டதும் வலி தெரியாமல் போய்விட்டான் என்று ஆகிவிடும். எனக்கும் அதுதான் வேண்டும். அவனைக் கொன்றவனுக்குத் தண்டனையும் வேண்டும்.

ஆனால் நான் உள்ளே போகவில்லை. கையைத் தொடவில்லை. வேறு யாரும் தொடவில்லை. அவனேதான் நீட்டினான்.

மேற்கண்டவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொன்னவை. இதை எழுதிக்கொண்ட விசாரணை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். 'அக்கா தொட்டிருக்கக் கூடும்' என்று எழுதியிருந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்தார். மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
இறந்தவரின் அக்கா